சுவர் தட்டும் தெரு

கரமனை ஆற்றங்கரையில் போய் முடிகிற ஓர் அக்கிரகாரத் தெருவில் சில வருடங்கள் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் வந்து, இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் வரைக்கும். ஒரே இடத்தில் அவ்வளவு நாள் நான் தங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி, சூரத்தில் துணி மில், பம்பாயில் ஓட்டல், கொல்லத்தில் முந்திரி ஆலை என்று சுற்றிவிட்டு, திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஓர் அரிசிக் கடைக்கு வந்து சேர்ந்தேன். லாரியிலிருந்து மூட்டை இறக்குவது யூனியன்காரர்கள். கடையிலிருந்து சைக்கிளில் வீடுகளுக்குக் கொண்டு போடுவது நான்.

அப்படித்தான் அந்தத் தெரு பழக்கமானது. கடைசி வீட்டு மாமி ஒருநாள் அரிசியைக் கையால் அளைந்து பார்த்துக்கொண்டே, "எங்கடா படுத்துக்கறே?" என்று கேட்டார். கடையில் சாக்கு மேல் என்றேன். "எங்க மாட்டுக் கொட்டில் சும்மா கெடக்கு. மாடு போயாச்சு. நீ வந்து கெட. காஸ் சிலிண்டர் மாத்த, பல்பு போட ஒரு ஆம்பளை வேணும், கேட்டியா" என்றார். வாடகை கிடையாது. கொட்டில் வீட்டோடு ஒட்டாமல், ஆற்றுப் பக்கம் தனியாக நின்றது. அன்று சாயங்காலமே என் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

தெரு முழுக்க வயதானவர்கள். பிள்ளைகள் பம்பாயில், மெட்ராஸில், அமெரிக்காவில். முற்பகலில் அந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் என் சக்கரத்தின் சத்தம் எனக்கே கேட்கும். எங்கோ ஒரு குக்கர், எங்கோ ஒரு ரேடியோ, யாரோ இருமுவது. வீடுகள் எந்த ராஜா காலத்திலோ கட்டியவை. ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான்.

அந்தச் சுவர்களை வைத்து அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. விடிகாலையில், கோயிலை ஒட்டிய முதல் வீட்டில் எழுந்தவர் பக்கத்து வீட்டுச் சுவரில் மூன்று முறை தட்டுவார். அதைக் கேட்டவர் தன் வீட்டின் மறுபக்கச் சுவரில் போய்த் தட்டுவார். அதைக் கேட்டு அடுத்தவர். இப்படித் தட்டு ஒவ்வொரு வீடாக இறங்கி ஆற்றோரக் கடைசி வீடு வரைக்கும் வரும். கடைசி வீட்டு மாமி ஆற்றுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, முன்பு பசுவின் கழுத்தில் கிடந்த பித்தளை மணியை எடுத்து ஆட்டுவார். அந்த மணி தெரு முழுக்கக் கேட்கும். கேட்டால், இன்றைக்கும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் காப்பி. மணி கேட்கவில்லையென்றால் மறுபடி தட்டுவார்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால் எந்த வீட்டில் நின்றுபோயிற்று என்று வாசலுக்கு வந்து பார்ப்பார்கள்.

தன் சுவரில் கேட்டால்தான் அடுத்த சுவரில் தட்ட வேண்டும். கேட்காமல் தட்டக் கூடாது. அதற்கிருந்த ஒரே சட்டம் அதுதான்.

முன்காலத்தில் அது வெள்ளத்துக்காக வைத்திருந்ததாம். ஆறு ஏறினால் கடைசி வீட்டுக்காரர் தட்ட, செய்தி கோயில் வரைக்கும் ஏறிப்போகும். தெருவுக்கு வயதான பிறகு அதைத் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு சுவரிலும் தட்டித் தட்டி ஒரு குழி விழுந்திருந்தது. வெள்ளையடிக்க வருகிறவனிடம் அந்தக் குழியை மட்டும் பூசாதே என்பார்கள்.

முதல் சில நாட்கள் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு வயிறு எரிய ஆரம்பித்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் இல்லை.

சூரத்தில் நான் காய்ச்சலில் கிடந்திருக்கிறேன். ஒரே பாயில் ஷிப்டு மாற்றி ஷிப்டு ஆட்கள் படுக்கிற அறை. எனக்கு நினைவு தப்பிய பிறகும் என் ஷிப்டு முடிந்துவிட்டதென்று என்னைக் காலால் தள்ளிவிட்டுத்தான் அடுத்தவன் படுத்தான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கும் தூக்கம் வேண்டும். கொல்லத்தில் எங்களோடு இருந்த ஒருவன் இறந்துபோனபோது, சம்பள நாளன்று அவன் வராததால்தான் தெரிந்தது. எந்த ஊர்க்காரன் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதையெல்லாம் நான் பெரிதாக நினைத்ததில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் என்று இருந்தேன். இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

மூட்டுவலியோடு, அரைப் பார்வையோடு இருக்கிற ஒரு கிழவி எழுந்தாளா என்று தெரிந்துகொள்ள ஒரு தெருவே காப்பி குடிக்காமல் காத்திருக்கிறது. மணி என் தலைமாட்டிலேயே அடிக்கும். என் கொட்டிலுக்குத்தான் சுவரே சேரவில்லை. நான் எழுந்தேனா என்பது அந்த மணியில் கிடையாது.

கடைசி நான்கு வீடுகளைப் பற்றித்தான் இனி சொல்ல வேண்டியிருக்கிறது. மேலிருந்து வந்தால் முதலில் ஸ்கூல் மாமி, பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்து தந்தி மாமா, தந்தி ஆபீஸில் இருந்தவர், மனைவி போய்த் தனியாக இருந்தார். அவர் ஊன்றுகோலின் பூணால் தட்டுவார். தந்தி மொழியில் ஏதோ சேர்த்துத் தட்டுவதாகச் சொல்வார், யாருக்கும் புரியாது. அவருக்கு அடுத்த வீட்டில் ஒரு தம்பதி. கடைசியில் எங்கள் மாமி.

அந்தத் தம்பதி மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டால் தட்டு அங்கேயே நின்றுவிடும். யாராவது உள்ளே இருந்து தட்ட வேண்டும். நான் மாமியிடம் போய் நின்றேன்.

"மாமி, அந்த வீட்டுல நான் கெடக்கேன். கூடத்துல ஒரு ஓரம் போதும். காலையில தட்டி விட்டிருதேன்."

மாமி முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "அவா சம்மதிக்க மாட்டா."

"நீங்க சொன்னா கேப்பாவ."

"நான் எப்படிடா சொல்லுவேன்? அகத்துக்குள்ள பூஜை இருக்கு. நீ இங்க இருக்கறச்சே உனக்கு என்ன கொறச்சல்?"

குறைச்சல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அது புதிது அல்ல. அரிசி மூட்டையை எந்த இடம் வரைக்கும் கொண்டுபோகலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் எனக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்கு அவர்களுடைய சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்தான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அமெரிக்கா நேரத்துக்கு வேலை செய்து, விடிகாலையில் கம்பெனி வண்டியில் வந்து இறங்குவான். வந்த மறுநாளே என்னைப் பார்த்து, "அண்ணா, சுகந்தானே? ராத்திரி கொசு உண்டோ அங்க?" என்று கேட்டு, ஒரு கொசுவர்த்திப் பெட்டியைக் கொடுத்தான். மோசமானவனாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வாங்கி வைத்துக்கொண்டேன். கொளுத்தவில்லை.

தெருவுக்கே அவன் செல்லமாகிவிட்டான். ஒரு வீட்டில் அடை, ஒரு வீட்டில் சேவை. ஸ்கூல் மாமி எங்கள் மாமி வீட்டுக் கொல்லைக்கு வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டேளா, நான் தட்டிட்டுக் கையெடுக்கறதுக்குள்ள மணி கேக்கறது. என்ன சுறுசுறுப்பு அந்தக் குட்டிக்கு!"

"அவா அகத்துப் பையன்கள் எல்லாம் அப்படித்தான்" என்றார் எங்கள் மாமி. "முன்னாடி அந்த அகத்து மாமா தட்டறதுக்குள்ள என் காப்பி டிகாஷனே ஆறிப்போகும்."

நான் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது இடித்தது. ஸ்கூல் மாமி தட்டி, தந்தி மாமா எழுந்து கோலை எடுத்துக்கொண்டு மறுபக்கச் சுவருக்குப் போய்த் தட்டி, அதற்குப் பிறகுதானே பையன் தட்ட வேண்டும்? தந்தி மாமா பாயிலிருந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்யவே ஒரு பாட்டு முடியும். கையெடுப்பதற்குள் எப்படி மணி வரும்? பையன் வண்டியிலிருந்து இறங்கியதும், வருகிற தட்டுக்குக் காத்திராமல், தான் தட்ட வேண்டியதைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறான். எனக்கு உடனே பட்டுவிட்டது. அவனை யாரும் தப்பு சொல்லவே மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவனுக்குப் படாமல் எப்படி இருக்கும்?

மாமியிடம் சொன்னேன். மாமி இந்தத் தடவை தலை நிமிர்ந்து பார்த்தார்.

"அசூயையாக்கும் உனக்கு."

"அதில்ல மாமி, அவன் கேக்காமத் தட்டுதான்."

"அவன் ராத்திரி முழுக்க ஜோலி பண்ணிட்டு வர்றான். நீ அரிசி கொண்டாந்தியா?"

அசூயை இருந்தது உண்மை. அதனால் நான் சொன்னது பொய்யாகிவிடுமா? அவன் காத்திராமல் தட்டுவதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. மறுநாள் முதல் விடிவதற்கு முன்பே எழுந்து கொட்டிலைவிட்டு வெளியே வந்து, தெருவில், தந்தி மாமா வீட்டுக்கும் பையனுடைய வீட்டுக்கும் நடுவில் போய் நின்றேன். அங்கே நின்றால் இரண்டு வீட்டுத் தட்டும் ஜன்னல் வழியாகக் கேட்கும்.

சில நாட்கள் வண்டி தாமதமாக வந்தது. தட்டு ஒழுங்காக இறங்கிப் போயிற்று. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒரு நாள் வண்டி நேரத்தோடு வந்துவிட்டது. பையன் காதில் ஒயரோடு இறங்கினான். கண் செருகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "எந்தா அண்ணா, ஒறக்கம் இல்லையா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனான். அந்தப் பக்கம் ஸ்கூல் மாமி தட்டுவது மெதுவாகக் கேட்டது. அது முடிவதற்குள் இந்தப் பக்கம் பையன் தட்டுவது கேட்டது. ஆற்றுப் பக்கம் ஜன்னல் திறந்தது. மணி அடித்தது. தெருவெங்கும் தாழ்ப்பாள்கள் திறந்தன. காப்பி வாசனை வந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். மாட்டிக்கொண்டான். இனி தந்தி மாமாவின் கோல் தட்டுவது ஒன்று கேட்டுவிட்டால் போதும், மணிக்குப் பிறகு தட்டு என்று எல்லாருக்கும் காட்டிவிடலாம். அதற்காகத்தான் நின்றேன்.

அது கேட்கவில்லை.

பால்காரன் போனான். செய்தித்தாள் விழுந்தது. கோல் சத்தம் இல்லை. தந்தி மாமாவின் வாசலில் போய்க் கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. பின்பக்கச் சந்துக்கு ஓடி, மதில் ஏறிக் கொல்லையில் குதித்தேன். கிணற்றுக்கும் குளியலறைக்கும் நடுவில், பாசி பிடித்த கல்லில் அவர் கிடந்தார். ஒரு கால் மடங்கி, இருக்கக் கூடாத பக்கம் இருந்தது. விழித்திருந்தார். குரல் எழும்பவில்லை.

"சாமி, என்ன ஆச்சு?"

"வழுக்கிடுத்து. இருட்டுலயே." மூச்சு வாங்கிக்கொண்டார். "மணி கேட்டுதுடா. அது வரைக்கும் தைரியமாத்தான் கெடந்தேன். ஸ்கூல் மாமி தட்டினா, நான் தட்டலை, எப்படியும் இப்ப வந்துடுவான்னு. அப்பறம் மணி அடிக்கறது. நான் இங்க கெடக்கேன், நான் சுகமா இருக்கேன்னு தெருவுக்கே அடிக்கறா. அப்பத்தான் பயம் வந்தது."

அவரைத் தூக்கவில்லை. தூக்கக் கூடாது என்று சூரத் மில்லில் பார்த்திருக்கிறேன். வாசல் தாழை உள்ளிருந்து திறந்து சத்தம் போட்டேன். தெரு முழுக்க வந்துவிட்டது. கையில் டம்ளரோடு வந்தவர்களும் உண்டு. ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பு எலும்பு முறிவு.

அவரைக் கொண்டுபோன பிறகு பையன் ஸ்கூல் மாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். ஸ்கூல் மாமி அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒறக்கம் இல்லாத குட்டி, அவனுக்கு என்ன தெரியும், பாவம்." அவனுக்குக் காப்பி வந்தது. எனக்கும் வந்தது, பின்பக்கம், எனக்கென்று வைத்திருக்கிற கண்ணாடி கிளாஸில். அந்த நேரத்தில்கூட நான் அந்தத் தலை தடவலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்கூல் மாமி பின்பக்கம் வந்து என்னிடம் கேட்டார். தலைமை ஆசிரியையின் குரல். "எல்லாம் சரி. அந்த நேரத்துல நீ எதுக்குத் தெருவுல நின்னே?"

மதில் ஏறத் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வி அது. நான் உள்ளதைச் சொன்னேன். "அந்தப் பையன் தப்பு பண்ணுதானான்னு பாக்க நின்னேன் மாமி. தெனமும் நிக்கேன்."

எங்கள் மாமி வாயைப் பொத்திக்கொண்டார். பையன் பின்னாலேயே வந்திருக்கிறான். கேட்டுவிட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணன் நின்னது நல்லதாப் போச்சு" என்றான். மனதாரச் சொன்னான். அவன் மேல் எனக்கிருந்த எரிச்சல் அன்றைக்குத்தான் உச்சத்துக்குப் போயிற்று.

தந்தி மாமா ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். அவர் இல்லாத நாட்களில் ஸ்கூல் மாமி வாசலுக்கு வந்து பையனைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து மகள் வந்திருந்தார். ஆள் வைக்க வேண்டும் என்று பேச்சு. ஹோம் நர்ஸ் என்றார் மகள். தந்தி மாமா, "மதில் ஏறினவன் வரட்டும்" என்றார்.

ஸ்கூல் மாமிக்குப் பிடிக்கவில்லை. "அகத்துக்குள்ளயா? யோசிச்சுப் பேசுங்கோ."

"சமையலறைக்கு அவன் வர வேண்டாம். சுவர் கிட்ட வந்தாப் போறும்" என்றார் தந்தி மாமா. "நான் அந்தக் கல்லுல கெடந்தப்போ யாரும் என்னை மடி பார்த்துத் தொடலை."

நான் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கூடத்துக்குப் போனேன். விடிகாலையில் ஸ்கூல் மாமியின் தட்டு வரும். அதை இவ்வளவு கிட்டத்தில் கேட்பது வேறு மாதிரி இருந்தது. காதில் விழுவதற்கு முன்பு முதுகில் விழும். நான் எழுந்து மறுபக்கச் சுவருக்குப் போய், அவர் கோலாலேயே அந்தக் குழியில் தட்டுவேன். அந்தப் பக்கம் பையன் இப்போது சுவரோடு பாய் போட்டுக் காத்துக் கிடந்தான். உடனே தட்டுவான். மணி வரும்.

கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சில வாரத்தில் மறுபடி எரிய ஆரம்பித்தது. தட்டு என் சுவரில் விழுந்தாலும் அது எனக்கு இல்லை. கிழவருக்கு. நான் அவர் கை. அவருடைய கோல் மாதிரி. மணி அடித்ததும் ஸ்கூல் மாமி மதில் வழியாகக் கேட்பார், "மாமா ஒறங்கினாரா? வலி எப்படி இருக்கு?" என்னைக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு வலியும் இல்லைதான்.

மழைக்காலம் தொடங்கியபோது மகள் வந்து அவரை மெட்ராஸுக்கு அழைத்துப்போனார். ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. சாவி என்னிடம். டாக்ஸி கிளம்பும்போது தெருவே வாசலில் நின்று கையசைத்தது. அன்று பகல் முழுக்க எனக்கு ஒரே யோசனை. நாளைக்குத் தட்டுவார்களா? வீட்டில் நான் மட்டும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தட்டை என்னைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டுமென்றால் சுவரில்தான் தட்டியாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்கூல் மாமி முன்பு போல வாசலுக்கு வந்து பையனையே கூப்பிட்டுவிடலாம். அப்படியும் செய்யலாம்.

விடிகாலையில் விழித்துக் கிடந்தேன். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஆறு கனத்து ஓடுவது கேட்டது. ஸ்கூல் மாமி வீட்டில் தாழ்ப்பாள் சத்தம். பிறகு தட்டு வந்தது. மூன்று.

நான் எழுந்திருக்கவில்லை.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தப் பக்கம் பையன் காத்திருப்பான், ஆற்றுப் பக்கம் எங்கள் மாமி மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், மேலே கோயில் வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பால் அடுப்பில் ஏறாமல் இருக்கும். இருக்கட்டும் என்று கிடந்தேன்.

மறுபடி தட்டு வந்தது. இந்தத் தடவை பலமாக. அப்போதும் எழவில்லை. பிறகு குழவியாலோ எதாலோ சுவரே அதிர ஓர் இடி. அதோடு அந்தப் பக்கச் சுவரிலும் தடதடவென்று யாரோ தட்டினார்கள். "அண்ணா! அண்ணா!" என்று பையன் கத்தினான். கொல்லைப்பக்க ஜன்னல் வழியே, மதிலுக்கு மேலே ஸ்கூல் மாமியின் தலையும் ஒரு குடையும் தெரிந்தன.

"எடா! உயிரோட இருக்கியாடா?"

"இருக்கேன் மாமி" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"பின்ன என்னத்துக்குத் தட்டலை? காது கேக்கலையா?"

"கேட்டுது மாமி."

"கேட்டுதா? கேட்டுட்டா கெடந்தே? இது என்ன வெளையாட்டா? ஒரு தெருவே காப்பி இல்லாம நின்னுண்டிருக்கு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கறது, தொட்டுப் பாரு. கழுதை! எழுந்து தட்டுடா!"

தந்தி மாமா கோலை எடுத்துப் போயிருந்தார். நான் கை முட்டியாலேயே தட்டினேன். பையன் சிரிப்பதும், உடனே தட்டுவதும் கேட்டது. ஆற்றுப் பக்கம் மணி அடித்தது, ரொம்ப நேரம், கோபமாக. அது அடங்கிய பிறகும் ஸ்கூல் மாமி மதிலைவிட்டு இறங்காமல், மழையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டேயிருந்தார். நான் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.